நூற்று நாற்பது கண்ணிகள்

ஹைதராபாத்தில் மல்காஜ்கிரியிலிருந்து ராமச்சந்திராபுரம் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் இருக்கைகளுக்கு எண் கிடையாது. தேவையும் இல்லை. யார் எங்கே உட்காருவது என்பது பதினைந்து இருபது வருடங்களுக்கு முன்பே தீர்மானமாகிவிட்ட விஷயம். யாராவது ரிட்டையரானால் ஓர் இடம் காலியாகும். அதற்கு அடுத்த வாரிசு யார் என்பதை பஸ் மொத்தமும் ஒரு வாரம் பேசி முடிவு செய்யும். புதிதாக வந்தவர்கள் பின்னால் டயர் மேலே உட்கார்ந்து, முதுகெலும்பு ஒவ்வொன்றாக இடம் மாறுவதைப் பொறுத்துக்கொண்டு, காலம் வரக் காத்திருப்பார்கள்.

இடது பக்கம், மூன்றாவது வரிசை, ஜன்னலோரம் வேதா மேடத்தின் இடம். கண்ணாடி ஆடாது, வெளிச்சம் நேராக மடியில் விழும், முழங்கையை யாரும் இடிக்க மாட்டார்கள். வேதாவுக்கு இந்த மூன்றும் வேண்டும். அவர் பஸ்ஸில் சால்வை பின்னிக்கொண்டிருந்தார்.

அவருடைய உத்தியோகம் வேறு. பெரிய பெரிய குழாய்களை ஒட்டவைத்த இடங்களை எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்த ஃபிலிம்களை விளக்குப் பெட்டியில் மாட்டி, வெல்டிங்கில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. முப்பத்தாறு வருடமாக ஒரு கடுகளவு ஓட்டையைக்கூட அவர் தப்பவிட்டதில்லை. வெல்டர்கள் அவர் பெயரைக் கேட்டாலே பீடியை அணைப்பார்கள். அப்படிப்பட்டவர் பஸ்ஸில் ஏறியதும் பையிலிருந்து இரண்டு ஊசிகளை எடுத்து வரிசை வரிசையாக ஓட்டை போட்டுக்கொண்டு வந்தார். லேஸ் சால்வை என்றால் அதுதானாம். துளைகள்தான் டிசைன். நூல் அவற்றைப் பிடித்துவைக்கத்தான்.

நாலடி சதுரம். கத்தரிப்பூ நிறம். பட்டும் கம்பளியும் கலந்த நூல், இமாசலத்துக் குலுவிலிருந்து தபாலில் வந்தது, தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். நடுப்பகுதி முழுக்க வைர வடிவத்தில் துளைகள். சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்குக் கரை. நடுப்பகுதியைப் பின்னும் விதத்தை ஒரு வெள்ளைக்கார அம்மாளின் வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர், கரையை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. தன் கல்யாணப் புடவையின் கோபுரக் கரையை முன்னால் விரித்துவைத்து, கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகத் தானே வரைந்துகொண்டார். அந்த அம்மாளின் கரை அலை அலையாக இருக்கும். வேதாவின் கரையில் கோபுரங்கள் நிமிர்ந்து நின்றன.

ஹைதராபாத் வெயிலில் கம்பளிச் சால்வை எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான். ஜூன் முப்பதாம் தேதி எங்கள் ஆடிட்டோரியத்தில் ஏசி போடுவார்கள். ஏசியைக் குறைக்கும் அதிகாரம் யாருக்கு என்பது இன்னும் தெளிவாகாததால் அது எப்போதும் பதினெட்டிலேயே இருக்கும்.

ஜூன் முப்பது வேதா ரிட்டையராகும் நாள். எங்கள் கம்பெனி வழக்கப்படி அந்த மாதம் ஓய்வு பெறுகிற எல்லோரையும் மேடையில் வரிசையாக உட்காரவைப்பார்கள். அந்தந்தத் துறைத் தலைவர் வந்து ஒரு மாலை, ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு சால்வை என்று வழங்குவார். ஊழியர் நலப்பிரிவு மொத்தமாக வாங்கிவைத்த சால்வை அது. ஆரஞ்சு நிறம், ஜரிகை போல் மின்னும் ஓரம், தொட்டால் தேங்காய் நார். அதைப் போர்த்திக்கொண்டு யாரும் இரண்டாம் முறை காணப்பட்டதாகத் தகவல் இல்லை. பல வீடுகளில் அது ஸ்கூட்டரை மூடியிருக்கிறது. ஒரு வீட்டில் கிரைண்டரை.

வேதா அதை வேண்டாம் என்று முடிவு செய்தார். தன் வாழ்நாளில் மேடை ஏறப் போவது ஒருமுறை, அன்றைக்குத் தன் தோளில் விழுவது தன் கையால் பின்னியதாக இருக்க வேண்டும். முறைப்படி ஏப்ரல் மாதமே விண்ணப்பமும் எழுதிக் கொடுத்தார். விண்ணப்பம் ஃபைலாகி, ஃபைல் துறைத் தலைவர் சந்திரசேகரனின் மேஜைக்குப் போய் பதினோரு நாள் தங்கியது. பிறகு ஒரு வரியுடன் திரும்பி வந்தது. வழங்கப்படும் சால்வை ஸ்பெசிஃபிகேஷன்படி உள்ளது, விலகல் அனுமதிக்கப்படவில்லை.

சந்திரசேகரன் வேறு யூனிட்டிலிருந்து எங்கள் தரக் கட்டுப்பாட்டுத் துறைக்கு ஜனவரியில்தான் மாற்றலாகி வந்தவர். தமிழர்தான், ஆனால் தனக்குக் கீழே இருப்பவர்களிடம் ஆங்கிலத்தில் ஆரம்பித்துத்தான் தமிழுக்கு இறங்குவார். எதைப் பார்த்தாலும் சோதிப்பார். கேன்டீன் இட்லியைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்ப்பார். முன்பு இருந்த யூனிட்டில் ஒருமுறை ஆயுத பூஜை மாலையில் பூக்களுக்கு இடையே உள்ள இடைவெளி சீராக இல்லை என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் சந்தேகப்படவும் இல்லை.

ஃபைலைப் படித்துவிட்டு வேதா அதை மூடிவைத்தார். சால்வையைத் தொடர்ந்து பின்னினார். சால்வை முடியட்டும், மேடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று லேபில் அவருடன் வேலை பார்க்கும் நஸ்ரினிடம் மட்டும் சொன்னாராம். நஸ்ரின் வாணியம்பாடிப் பெண். வேதாவுக்கு நேர் பின் சீட்டில் உட்கார்ந்து, அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தபடியே ஐந்து மாதம் பயணம் செய்தவள்.

ஜூன் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, சந்திரசேகரன் எங்கள் பஸ்ஸில் ஏறினார். முந்தைய வாரமே சுற்றறிக்கை வந்திருந்தது. எளிமையை வலியுறுத்தவும் ஊழியர்களோடு ஊழியராகக் கலந்து பழகவும் அவர் இனி கம்பெனி பஸ்ஸிலேயே வருவாராம். மல்காஜ்கிரியில் வீடு வாங்கிக் குடியேறிய பிறகு தினம் முப்பது கிலோமீட்டர் காரோட்டி அவர் இடுப்பு பிடித்துக்கொண்டது சுற்றறிக்கையில் இல்லை. ஏறியவர் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். நேராகப் போய் இடது பக்கம் மூன்றாவது வரிசை ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, மடியில் ஃபைலை விரித்தார்.

அடுத்த நிறுத்தத்தில் வேதா ஏறினார். பஸ் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது. டிரைவர் யாதகிரிகூடக் கண்ணாடியில் பார்த்தபடி கியர் போட மறந்தார்.

அது தன்னுடைய இடம் என்று வேதா சாதாரணமாகத்தான் சொன்னார். சந்திரசேகரன் நிமிர்ந்து, கம்பெனி வாகனத்தில் தனிப்பட்ட இருக்கை உரிமை ஏதாவது ஆணையில் இருக்கிறதா என்று விசாரித்தார். இல்லை. பதினேழு வருட வழக்கம் ஆணையில் வராது. வேதா வேறு எங்கும் போகவில்லை. சந்திரசேகரனுக்குப் பக்கத்திலேயே, நடைபாதை ஓரத்தில், உட்கார்ந்துகொண்டு ஊசிகளை எடுத்தார்.

அன்றிலிருந்து அவர் வேகம் பாதியாகிவிட்டது. ஏறுகிற ஒவ்வொருவரின் டிபன் பையும் அவர் முழங்கையை இடித்துவிட்டுத்தான் போனது. வெளிச்சத்தை சந்திரசேகரனின் ஃபைல் எடுத்துக்கொண்டது. வீட்டில் பின்னலாமே என்று நஸ்ரின் கேட்டாள். வீட்டில் தான் எண்ண ஆரம்பித்த உடனே நாராயணஸ்வாமிக்கு ஏதாவது காணாமல் போகும் என்றார் வேதா. நாராயணஸ்வாமி அவர் கணவர். ரயில்வேயில் டிராஃபிக் பிரிவில் முப்பத்தைந்து வருடம் வண்டிகளைத் தவறவிடாமல் பார்த்தவர், இப்போது தன் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறார்.

ஜூன் பதினேழாம் தேதிக்குள் கரையில் மூன்று பக்கம் முடிந்திருந்தது. நாலாவது பக்கம் பாக்கி. அந்தப் பக்கத்தில் நூற்று நாற்பது கண்ணிகள் மூடப்படாமல் காத்திருந்தன. கண்ணி என்றால் ஊசியில் நிற்கிற சின்ன வளையம். அதற்குள் அடுத்த நூல் நுழைந்து பிடித்தால்தான் அது நிலைக்கும். அதுவரை எதிலாவது மாட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நழுவும். ஒன்று நழுவினால் அதற்குக் கீழே உள்ளது, அதற்கும் கீழே உள்ளது என்று ஏணிப்படி போல இறங்கிக்கொண்டே போகும். நூற்று நாற்பதையும் ஊசியிலேயே வைத்துக்கொண்டால் பக்கத்தில் இருப்பவரைக் குத்தும். அதனால் வேதா எல்லாவற்றையும் ஒரு வழுவழுப்பான மஞ்சள் நூலில் கோத்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டிருந்தார். ஒரு பயணத்துக்கு வேண்டியதை மட்டும் ஊசிக்கு மாற்றி, கரையோடு சேர்த்துப் பின்னுவது திட்டம். ஜன்னலோரம் என்றால் ஒரு பயணத்துக்கு எட்டுக் கண்ணி. நடைபாதை ஓரம் என்றால் நாலு.

இருபத்தேழாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் பின்னல் முடிய வேண்டும். அதன் பிறகு நனைத்து, இழுத்து, ஊசி குத்திக் காயவைத்தால்தான் லேஸ் விரியும். அதுவரை அது பார்ப்பதற்குக் கசக்கிப் போட்ட கைக்குட்டை மாதிரிதான் இருக்கும். நாலு நாலாகப் போனால் பாதிதான் முடியும். வேதாவுக்கு இந்தக் கணக்கு தெரியும். எங்களுக்கும் தெரியும், நஸ்ரின் சொல்லியிருந்தாள். தெரியாதவர் ஒருவர்தான், அவர் ஜன்னலோரத்தில் இருந்தார்.

பதினேழாம் தேதி காலை, போயன்பள்ளி சிக்னலில் பஸ் நின்றபோது, சந்திரசேகரன் தன் ஃபைலை மூடிவிட்டு, அதைப் பார்க்கலாமா என்று கேட்டார். வேதா அப்போதுதான் அன்றைய வேலையை ஆரம்பிக்கப் போனார். ஊசியில் இன்னும் எதையும் மாற்றவில்லை. ஐந்து மாத உழைப்பை யாராவது பார்க்கக் கேட்டால் எந்த மனிதருக்கும் கை நீளத்தான் செய்யும். வேதா சால்வையை எடுத்து, முடியாத பக்கம் மேலே இருக்கும்படி சந்திரசேகரனின் மடியில் விரித்துவைத்தார்.

அந்த நேரம் பார்த்து நாராயணஸ்வாமி போன் செய்தார். காபி ஃபில்டரின் மேல் மூடியைக் காணவில்லை.

மூடி எங்கே இருக்கும், எங்கே இருக்காது, ஏற்கெனவே எங்கே தேடியாயிற்று என்ற விசாரணை பாலாநகர் மேம்பாலம் வரை நீண்டது. அது முடிந்து வேதா திரும்பியபோது சந்திரசேகரன் சாவிக்கொத்தில் தொங்கும் நகவெட்டியை மடக்கிக்கொண்டிருந்தார். அவர் ஆள்காட்டி விரலில் மஞ்சள் நூல் ஒன்று ஒழுங்காகச் சுற்றியிருந்தது.

“இந்தக் கலர் டிசைன்லயே இல்ல மேடம். ரெண்டு பக்கமும் முடிச்சு வேற. கட் பண்ணி உருவிட்டேன்,” என்றார். “நல்ல வேலைதான். ஃபினிஷிங்லதான் கோட்டை விட்டுடறீங்க.”

பின் சீட்டில் நஸ்ரின் தலையில் கைவைத்துக்கொண்டாள். வேதா போனை அணைத்துப் பையில் போட்டார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஃபிலிமில் ஓட்டையைக் கண்டுபிடிக்கும்போதும் அவர் முகம் அப்படித்தான் இருக்கும் என்று வெல்டர்கள் பிற்பாடு சொன்னார்கள்.

“சார், கையை எடுக்காதீங்க.”

“எக்ஸ்க்யூஸ் மீ?”

“இப்ப ரெண்டு கையும் துணிமேல எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். தூக்காதீங்க, இழுக்காதீங்க, பேசாதீங்க. நூத்தி நாப்பது லூப்பும் அவுந்து நிக்குது.”

சந்திரசேகரன் குனிந்து பார்த்தார். அவர் விரல்களுக்கு நடுவே, சால்வையின் விளிம்பில், ஒன்றையும் பிடித்துக்கொள்ளாமல் நூற்று நாற்பது வளையங்கள் நின்றன. பஸ் ஒருமுறை குலுங்கியது. இரண்டு வளையங்கள் அவர் கண்ணெதிரிலேயே ஒரு படி கீழே இறங்கின. தரக் கட்டுப்பாட்டில் முப்பது வருடம் இருந்தவர். தன் கையால் ஒரு பொருள் கெடுவதை நேரடியாகப் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல்முறையாக இருக்க வேண்டும். அவர் அசையவில்லை.

நஸ்ரின் எழுந்து முன்னால் ஓடி யாதகிரியிடம் தெலுங்கில் விஷயத்தைச் சொன்னாள். அவர் எக்ஸ்ரே லேப் ஆட்களுக்குத் தனி மரியாதை வைத்திருப்பவர், அதோடு மூன்றாவது வரிசை விவகாரத்தில் அவருக்கென்று ஓர் அபிப்பிராயமும் இருந்தது. பஸ்ஸை இரண்டாவது கியருக்கு இறக்கினார். மூசாப்பேட்டில் காலை ஏழரை மணிக்கு இரண்டாவது கியரில் ஒரு பஸ் போனால் பின்னால் என்னென்ன சத்தம் கேட்குமோ எல்லாம் கேட்டது. வேகத்தடை வந்தபோதெல்லாம் யாதகிரி முட்டைக்கூடையைத் தூக்கிக்கொண்டு போகிறவர் மாதிரி பஸ்ஸை ஏற்றி இறக்கினார்.

வேதா இருப்பதிலேயே மெல்லிய ஊசியை எடுத்து, ஒரு முனையிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு கண்ணியாக ஊசியில் ஏற்றினார். கீழே இறங்கியிருந்ததை, முனையில் கொக்கி வைத்த குரோஷா ஊசியால் படிப்படியாக மேலே கொண்டுவந்தார். அவர் உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று தெரிந்ததும் பின் சீட்டு ஆட்கள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள். சிலர் எழுந்து வந்து நடைபாதையில் நின்று பார்த்தார்கள். டிபன் பைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்கள், யாருடைய முழங்கையிலும் படாமல்.

கூகட்பள்ளியில் சந்திரசேகரனின் சட்டைப்பையில் போன் அடித்தது. காலைக் கூட்டம். நின்றது. மறுபடி அடித்தது. அவர் கண்ணை மட்டும் சட்டைப்பை பக்கம் திருப்பினார்.

“எடுத்துப் பேசவா, நக்கோவா சார்?” என்று நஸ்ரின், வேண்டாமா என்பதைத் தன் வீட்டு உருதுவில் சொல்லி, அவர் காதருகே கேட்டாள். “சார் கையில வேலை இருக்குன்னு சொல்லிடறேன்.”

அவர் தலையை மிக மெதுவாக இடமும் வலமும் ஆட்டினார். போன் மூன்றாம் முறை அடித்து ஓய்ந்தது. நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்து தொங்கியது. சால்வைமேல் விழுமோ என்று பயந்து முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார். மியாப்பூர், சந்தாநகர் எல்லாம் அந்த நிலையிலேயே போயின. ஊழியர்களோடு ஊழியராகக் கலந்து பழகுவது என்று சுற்றறிக்கையில் எழுதியது அன்றைக்குத்தான் நடந்தது.

கம்பெனி வாசலில் பஸ் நின்றபோது வேதா கடைசிக் கண்ணியை ஏற்றி நிமிர்ந்தார். பிறகு ஊசியில் இருப்பதை முதலிலிருந்து எண்ணினார். நூற்று முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினார். நூற்று முப்பத்தொன்பது. ஒன்றைக் காணவில்லை. எங்கோ ஒரு கண்ணி நழுவி, டிசைனுக்குள் இறங்கி ஒளிந்துகொண்டிருக்கிறது. துளைகளே டிசைனாக இருக்கிற துணியில் ஒரு துளையைத் தேடிப் பிடிக்கக்கூடிய ஒருவர் ஊரில் உண்டென்றால் அது அவர்தான். ஆனால் அவரே வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும், தூக்கினால் அது இன்னும் இறங்கும்.

பஸ் கதவு திறந்திருந்தது. யாரும் இறங்கவில்லை. ஏழு ஐம்பதுக்குமேல் தாமதித்தால் மெமோ கொடுப்பவர் சந்திரசேகரன். மணி எட்டு.

“ஒண்ணு என் கட்டைவிரலுக்குக் கீழ இருக்கு,” என்றார் சந்திரசேகரன்.

அவ்வளவு மெல்லிய குரலில், ஆங்கிலத்தில் ஆரம்பிக்காமல், அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை.

“பாலாநகர்லேர்ந்தே இருக்கு. விட்டா ஓடிடும்னு அழுத்திப் பிடிச்சிட்டிருக்கேன்.”

அரைமணி நேரத்துக்கும் மேலாகப் பிடித்திருக்கிறார். விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது. முன்னமே சொல்வதற்கென்ன சார் என்று நஸ்ரின் ஆரம்பித்தாள்.

“நான்தான் பேச வேணாம்னேன்,” என்றார் வேதா.

ஊசியை அவர் விரலுக்கடியில் சரித்து நுழைத்து, அந்த ஒன்றை ஏற்றினார். நூற்று நாற்பது. இப்போது கையை எடுக்கலாம் என்றார். சந்திரசேகரன் கட்டைவிரலைத் தூக்கினார். அதில் ஒரு சின்ன வைரம் பதிந்திருந்தது. அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ஃபைலை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனார். அன்று எங்கள் பஸ்ஸில் யாருக்கும் மெமோ வரவில்லை.

மன்னிப்பு என்ற சொல்லை அவர் தன்னைவிட உயர்ந்த பதவியில் உள்ளவர்களிடம் மட்டும் பயன்படுத்துவார் போலிருக்கிறது. வேதாவிடம் அதைச் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை பஸ்ஸில் வேதா ஏறியபோது ஜன்னலோரம் காலியாக இருந்தது. சந்திரசேகரன் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, காலை ஒடுக்கி வழிவிட்டார். மடியில் இருந்த ஃபைலைக் காணோம். ஒரு தடித்த கைப்பெட்டியைத் தொடைமேல் செங்குத்தாக நிறுத்திப் பிடித்திருந்தார். ஏறுகிறவர்களின் பைகள் அதில் இடித்துவிட்டுப் போயின. வேதாவின் முழங்கை வரை ஒன்றும் வரவில்லை.

பதினேழு பயணம் பாக்கி இருந்தது. ஒவ்வொன்றிலும் எட்டுக் கண்ணிகள் கரையில் ஏறின. இருவரும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஒருநாள் மட்டும், கோபுரத்தின் உச்சியில் எத்தனை துளை என்று சந்திரசேகரன் கேட்டார், ஐந்து என்று வேதா சொன்னார். மறுநாள் நாலாவது கோபுரத்தில் நாலுதான் இருக்கிறது என்று அவர் காட்டினார். வேதா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். நாலுதான். இரண்டு வரிசை பிரித்து, மறுபடி பின்னினார். சந்திரசேகரனின் முகத்தில் அன்றைக்கு ஒரு தெளிவு வந்தது, இட்லியின் அடிப்பக்கத்தில் கிடைக்காதது.

வெள்ளிக்கிழமை மாலை, பஸ் மல்காஜ்கிரியை நெருங்கும்போது, அவர் தொண்டையைச் செருமினார்.

“அந்த ஃபைல்ல நான் எழுதினது எழுதினதுதான் மேடம். அதை மாத்தினா நாளைக்கு ஆளாளுக்கு ஒண்ணு கொண்டுவருவாங்க. மேடையில நான் கம்பெனி சால்வையைத்தான் கையில எடுக்க முடியும்.”

“எடுங்க சார்,” என்றார் வேதா.

அவ்வளவுதான். கெஞ்சவில்லை, கோபிக்கவில்லை. தன் முடிவுகளுக்கு இவ்வளவு சுலபமாக யாரும் சம்மதித்து சந்திரசேகரன் பார்த்ததில்லை. இறங்கும்வரை அவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

நான்கு கண்ணிகள் மிச்சம். சனிக்கிழமை காலை நாராயணஸ்வாமியைக் காய்கறிக்கு அனுப்பிவைத்து, அவர் திரும்புவதற்குள் அவற்றை முடித்தார் வேதா. பிறகு சால்வையை நனைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, இரட்டைக் கட்டில் மெத்தைமேல் விரித்து, ஒவ்வொரு கோபுர உச்சியையும் இழுத்து ஒவ்வொரு குண்டூசியால் குத்தினார். இருநூற்றுச் சொச்சம் குண்டூசி. காயும்வரை அந்தக் கட்டிலில் யாரும் உட்காரக்கூடாது என்று உத்தரவு. நாராயணஸ்வாமி சாய்வு நாற்காலியில் இருந்தபடி, படுக்கையறையில் படுக்க முடியாத குடும்பஸ்தனின் நிலையைப் பற்றிப் பொதுவாகப் பேசினார். ஊசிகளை எடுத்தபோது கசங்கிய கைக்குட்டை போய், அவரே எழுந்து வந்து பார்க்கும்படியான ஒன்று அங்கே கிடந்தது. அதன் வழியாக மெத்தை விரிப்பின் பூக்கள் தெரிந்தன. ஃபில்டர் மூடி கிடைத்ததா என்று வேதா கேட்டார். அவர் சால்வையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மேடையில் ஆறு பேர். வேதா நாலாவது. ஆடிட்டோரியம் பதினெட்டு டிகிரியில் இருந்தது. முதல் மூன்று பேருக்கும் மாலை விழுந்தது, கடிகாரம் வந்தது, ஆரஞ்சுச் சால்வை விழுந்தது, அர்ப்பணிப்பு என்ற சொல் தலைக்கு நாலுமுறை விழுந்தது. பிறகு சந்திரசேகரன் ஒலிபெருக்கி முன் வந்து ஒரு தாளைப் பிரித்தார். வேதாவின் நுணுக்கத்தைப் பற்றி இரண்டு பக்கம். பஸ் ஆட்களான நாங்கள் மொத்தமாக இடது பக்கம் உட்கார்ந்திருந்தோம். நுணுக்கம் என்ற சொல் வரும்போதெல்லாம் எங்கள் வரிசையில் யாராவது இருமினார்கள். அவர் ஒன்றரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

மாலை போட்டார், கடிகாரம் கொடுத்தார். நலப்பிரிவு ஊழியர் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து ஆரஞ்சுச் சால்வையைத் தட்டில் நீட்டினார். சந்திரசேகரன் அதைக் கையில் எடுத்தார், சொன்னபடியே.

வேதா எழுந்தார்.

“ஒரு நிமிஷம் சார்,” என்று அதை அவர் கையிலிருந்து வாங்கினார். உதறி இரண்டாக மடித்தார். ஓர் அடி முன்னால் வந்து கையைத் தூக்கினார்.

சந்திரசேகரன் குனிந்தார். வேண்டுமென்று குனிந்ததாகச் சொல்ல முடியாது. இருபது வருடமாக மேடைகளில் இருப்பவர், சால்வை ஒன்று தன்னை நோக்கி வந்தால் அவர் கழுத்து யாரையும் கேட்காமல் வளைந்துவிடும். ஆரஞ்சுச் சால்வை அவர் தோளில் விழுந்தது. எங்கள் ஆடிட்டோரியத்தில் சால்வை யார்மேல் விழுந்தாலும் கைதட்டுவது பழக்கம், அரங்கம் தட்டியது. பொது மேலாளரும் தட்டினார். ஸ்பெசிஃபிகேஷனுக்கு ஒரு குறையும் இல்லை. கம்பெனி சால்வை, உரிய மேடையில், உரிய நேரத்தில், முறைப்படி போர்த்தப்பட்டது. சந்திரசேகரன் நிமிர்ந்தபோது முகம் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது. பிறகு, போட்டோக்காரர் கைகாட்டியதும், தானாகச் சிரித்தது.

கைதட்டல் அடங்குவதற்குள் வேதா தன் கைப்பையைத் திறந்தார். மூக்குக்கண்ணாடிக் கூடு அளவுக்கு ஒரு சின்ன மடிப்பை எடுத்தார். ஒருமுறை பிரித்தார், இன்னொருமுறை, மறுபடி ஒருமுறை. அது விரிந்துகொண்டே போனது. முன்வரிசையில் யாரோ, இது எதற்குள்ளிருந்து வருகிறது என்று வாய்விட்டுக் கேட்டார்கள். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, சால்வையைக் கோணலாக மடித்து, யாருக்காகவும் காத்திராமல், தானே தன் தோளில் போட்டுக்கொண்டார்.

மேடை விளக்கு அதற்குள் புகுந்து அவர் வெள்ளைப் புடவைமேல் சின்னச் சின்ன வைரங்களாக விழுந்தது. கைதட்டத் தயாராக இருந்த கைகள் அப்படியே நின்றுவிட்டன. ஐந்தாவதாக உட்கார்ந்திருந்தவர், அடுத்து தன்மேல் விழப்போகிற ஆரஞ்சுச் சால்வை இருந்த தட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

கீழே நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த நஸ்ரின், கரை தெரியவில்லை, கொஞ்சம் திரும்புங்கள் அக்கா என்று சைகை காட்டினாள். அடுத்த பெயரைப் படிக்க ஆரம்பித்திருந்த அறிவிப்பாளர் நிறுத்தினார். வேதா அவசரப்படவில்லை. முதுகு காட்டி நின்றார். கோபுரங்கள் வரிசையாகத் தெரிந்தன. அங்கிருந்து அப்படியே மெதுவாகத் திரும்பி, இன்னொரு பக்கமும் காட்டினார்.